குளத்தை நிரவாதீர்கள், மழையைக் கடலுக்கு அனுப்பாதீர்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

சந்தைக்குப் பின்னால் இருக்கும் குளத்தை நிரவி வாகனத் தரிப்பிடமும் கடைத்தொகுதியும் அமைக்கலாம் என்று கடந்த அமர்வில் தீர்மானம் எடுத்திருக்கிறீர்கள். சந்தைச் சந்தியிலிருந்து கடல்நீரேரி வரை நேராகச் சீமெந்து வாய்க்கால் கட்டி மழைவெள்ளத்தை வெளியேற்றும் திட்டத்துக்கும் அதே அமர்வில் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். தீர்மானம் ஊருக்குத் தெரியவர முன்பே டிப்பர்கள் வரத் தொடங்கிவிட்டன. குளத்தின் வடக்குக் கரையில் இடித்த சுவர்க் கற்களும் கிரவலும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. மாடுகள் உடம்பை உரஞ்ச நாட்டிய ஆவுரஞ்சிக்கல் பாதிக்கு மேல் மூடுண்டு போயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், இந்த வலிகாமப் பகுதிப் பாடசாலைகளில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடும் தோட்டமும் இருக்கின்றன. உங்களில் சிலர் என் வகுப்பில் இருந்து இலங்கைப் படத்தில் ஈரவலயத்துக்குப் பச்சையும் உலர்வலயத்துக்கு மஞ்சளும் தீட்டியவர்கள். அந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு எடுத்த தீர்மானங்கள் இவை இரண்டும். அதனால்தான் இதைத் தனியாக வந்து சொல்லாமல் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் காரணங்களை அறிவேன். வருடத்தில் பாதிக்கு மேல் குளம் வற்றித்தான் கிடக்கிறது, அது வீண் நிலம் என்கிறீர்கள். குப்பை, நுளம்பு என்கிறீர்கள். மாரியில் சந்தைக்குள் வெள்ளம் வருகிறது, அதை வெளியேற்ற வேண்டும் என்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் படத்தை விரிக்க வேண்டியிருக்கிறது.

இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சின்ன நாடு. ஆனாலும் ஒரே காலநிலை உள்ள நாடு கிடையாது. நடுவில் மலை, சுற்றிவரத் தாழ்நிலம். வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று அந்த மலையில் முட்டி, மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஆறுகளும் அந்த மலையிலேயே பிறந்து நாலா திசைக்கும் ஓடுகின்றன. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலிகூடத் திருகோணமலையில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. மலைநாட்டில் பிறக்கும் எந்த ஆறும் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதே தென்மேல் காற்று ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு நம்மிடம் வரும்போது அதற்குப் பெயர் சோளகம். புழுதியை வாரி இறைத்து, கிணற்றையும் குளத்தையும் உலர்த்திவிட்டுப் போகும்.

நமக்கு மழை தருவது வாடைக்காலம். வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும், வடகீழ் பருவக்காற்றும் கொண்டுவருவதுதான் நம் வருட வருமானம் முழுவதும். சராசரியாக 1250 மில்லிமீற்றர் அளவு. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் விழுந்துவிடும். தை பிறந்த பிறகு வருவது தூறல். சித்திரையில் இரண்டொரு இடிமழை வந்தால் அதிர்ஷ்டம். கொழும்பில் ஏறத்தாழ இதன் இரண்டு மடங்கு பெய்கிறது, அதுவும் வருடத்தில் இரண்டு தடவை உச்சம் கண்டு பெய்கிறது. அங்கே ஒரு மழையைக் கடலுக்கு அனுப்பினால் அடுத்தது வரும். இங்கே மார்கழியில் அனுப்பிவிட்ட தண்ணீருக்குப் பதிலாக அடுத்த ஐப்பசி வரை பெரிதாக ஒன்றும் வராது.

மழை விழும் நிலமும் வேறு. இந்தத் தீவின் பெரும்பகுதி கடும்பாறை. குடாநாட்டின் காலடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்; ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்துமாக ஆக்கி வைத்திருக்கிறது. அதன் மேல் வலிகாமத்தில் செம்பாட்டு மண், தண்ணீரை நிற்கவிடாமல் கீழே இறக்கும் மண். வலிகாமத்தின் மேட்டுப்பகுதிகூடக் கடல்மட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். எந்த ஊரிலிருந்து நடந்தாலும் பத்துக் கிலோமீற்றருக்குள் கடலோ கடல்நீரேரியோ குறுக்கே வந்துவிடும். அதாவது நிலத்துக்கு அடியில், எல்லாப் பக்கத்திலிருந்தும், உப்புத் தண்ணீர் உள்ளே வரக் காத்துக்கொண்டிருக்கிறது.

அதைத் தடுத்து நிறுத்துவது மழை ஒன்றுதான். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் அடர்த்தி குறைந்ததால் உவர்நீரின் மேல், பாலின் மேல் ஆடை படிவதுபோலப் படிந்திருக்கிறது. கிணறு தோண்டி நாம் குடிப்பது அந்த ஆடையைத்தான். இதற்கு ஒரு கணக்கு உண்டு, உயர்தர வகுப்பில் நான் கரும்பலகையில் போட்ட கணக்கு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை உவரைத் தள்ளி வைத்திருக்கும். இதை மாற்றியும் வாசியுங்கள். மேலே அரை மீற்றர் இறங்கினால், கீழே உவர் இருபது மீற்றர் ஏறிவரப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பதை நம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அதே நிலைமைதான் நம் ஒவ்வொருவர் கிணற்றுக்கும். கீரிமலைக் கேணிக்குள் ஊறிவரும் நன்னீர் கரையிலேயே கடலோடு கலந்து போவதையும் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். நிலத்தடி நீர் அங்கே மட்டும் கடலுக்குப் போகவில்லை, கரை நெடுகப் போய்க்கொண்டிருக்கிறது. போகிற அளவுக்கு மேலாக மழை உள்ளே இறங்கினால்தான் கணக்கு நேராகும்.

இப்போது குளத்துக்கு வருகிறேன்.

குடாநாட்டில் ஆயிரம் அளவில் குளங்கள் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் ஆறு இல்லாத இடத்தில் இத்தனை குளங்களை வெட்டிய நம் முன்னோர், விளையாட்டுக்கு வெட்டவில்லை. மேட்டுக் குளம் நிறைந்தால் வெள்ளவாய்க்கால் வழியாக அடுத்த குளத்துக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, கடைசியில் மிஞ்சியது மட்டும் கடலுக்கு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று போய் அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கை ஆறு இந்த முறைக்குப் பெரிய சாட்சி. மாரியில் மட்டும் ஓடும் அந்த ஒன்றைத்தான் நாம் ஆறு என்று சொல்லிக்கொள்கிறோம்.

குளம் வற்றுகிறது என்கிறீர்கள். வற்றத்தான் வேண்டும். காற்றும் வெயிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மறுக்கவில்லை. மற்றது கீழே இறங்கியிருக்கிறது. இறங்கியது எங்கே என்று பார்க்க விரும்பினால் பங்குனியில் எங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். குளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் வரைதான் அது வேலை செய்கிறது என்று நினைப்பது, விதைத்த நெல்லை மண்ணுக்குள் காணவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

கணக்கும் சொல்கிறேன், நீங்கள் திட்டமிடல் குழுவில் சரிபார்க்கலாம். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதன்மேல் ஒரு வருடத்தில் விழும் மழை மூன்று லட்சம் லீற்றருக்கு மேல். இருபது பரப்புள்ள ஒரு குளம் ஒன்றரை மீற்றர் ஆழத்துக்கு ஒரு தடவை நிறைந்தால் எழுபத்தைந்து லட்சம் லீற்றர். ஐயாயிரம் லீற்றர் பவுசரில் ஏற்றினால் ஆயிரத்து ஐந்நூறு பவுசர். ஒரு மாரியில் குளம் ஒரு தடவையோடு நிறைந்து நின்றுவிடுவதும் இல்லை. மழைக்கு மழை இறங்கி, மறுபடி நிறையும். கோடையில் கரையோரக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் உங்கள் பவுசர்களின் எரிபொருள் செலவை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெறும் கணக்கு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். நடந்தும் இருக்கிறது, அதுவும் இதே ஊரில்.

வீதிக்குத் தெற்கே ஒரு சின்னக்குளம் இருந்தது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு பார்ப்பாரில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தது. ஊர் திரும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடக் கழிவு கொட்டி நிரவினார்கள். இன்று அதன் மேல் ஒரு களஞ்சியம் நிற்கிறது. யார் அனுமதித்தது, எப்படி அனுமதித்தது என்பதை இந்த மடலில் கிளறவில்லை. அந்தக் குளத்தை ஒட்டிய வளவுகளில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அங்கே என் ஒன்றுவிட்ட அக்கா வீடு இருக்கிறது. அவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவென்று பக்கத்து ஒழுங்கைக்காரர் குடத்தோடு வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது ஆனி, ஆடி மாதங்களில் அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரைகிறது. சவர்க்காரம் நுரைப்பதில்லை. கேத்தலின் அடியைச் சுரண்டினால் முன்பும் சுண்ணாம்பு வந்தது, அது இந்த மண்ணின் குணம். இப்போது நாக்கில் வைத்தால் உப்பும் தெரிகிறது. அவர்கள் தோட்டத்தில் வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளித்துக் கருகி, கருகல் கீழ்நோக்கி இறங்குகிறது. இறைத்த பாத்தி காய்ந்ததும் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. அத்தான் அந்த மண்ணைக் கையில் அள்ளி உதறி உதறிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு போகம் வெங்காயம் நட்ட தோட்டம், இப்போது மாரிப் பயிரோடு நிற்கிறது. ஐந்தாறு வளவு தள்ளி, சந்தைக்குளத்தின் பக்கம் இருக்கும் எங்கள் கிணறு அதே ஆடி மாதத்தில் இன்னும் குடிக்கக்கூடியதாக இருக்கிறது. மண் ஒன்று, கல் ஒன்று, மழையும் ஒன்று. ஒரு பக்கம் குளம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை.

இதற்குக் குளம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். துலாவும் பட்டையும் போய் இறைப்பு மெசின் வந்த நாளிலிருந்து நாம் இறைக்கும் அளவுக்குக் கணக்கு இல்லை. உரம் போடுவதற்கும் கணக்கு இல்லை. வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிற்கிறது. அதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், வேறொரு நாள். ஆனால் எடுக்கும் பக்கம் இவ்வளவு கூடியிருக்கும்போது போடும் பக்கத்தையும் மூடுகிறோம் என்பதுதான் என் முறைப்பாடு.

அடுத்தது வெள்ளம். சந்தைக்குள் வெள்ளம் வருவது உண்மை. வியாபாரிகள் மரக்கறிச் சாக்கை மேசைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றதை நானும் பார்த்தேன். ஆனால் எப்போதிலிருந்து வருகிறது?

2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது, ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. போர்க்காலம், உதவிக்கு யாரும் வரக்கூடிய நிலை இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆனால் மழை விட்டு இரண்டாம் நாள் வடிந்துவிட்டது. கிளுவை வேலிக்குள்ளாலும் பனை வளவுகளுக்குள்ளாலும் ஓடி, இரண்டு குளங்களையும் நிறைத்துவிட்டு வாய்க்காலைப் பிடித்துப் போயிற்று. 2024 கார்த்திகையில், பிறகு ஃபெங்கல் என்று பெயர்பெற்ற தாழமுக்கம் வந்தபோது, தண்ணீர் ஒரு கிழமைக்கு மேல் ஒழுங்கையை விட்டுப் போகவில்லை. கிளுவை வேலி இருந்த இடமெல்லாம் மதில். ஒரு மதிலிலும் தண்ணீர் போகத் துவாரம் இல்லை. வெள்ளவாய்க்காலின் நடுவே ஒருவர் படலைக்குக் கொங்கிறீற் போட்டிருக்கிறார், இன்னொருவர் மண் கொட்டி வளவை உயர்த்தியிருக்கிறார். சின்னக்குளம் இல்லை. நின்ற தண்ணீர் மலசலகூடக் குழிகளை நிறைத்து, அங்கிருந்து கிணறுகளுக்குள் போயிற்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்லிவிட்டுப் போனார். கிணற்றுக்கட்டின் மேல் வரை கலங்கல் தண்ணீர் நிற்கும்போது குளோரினை எங்கே போடுவது?

சந்தைக்குளம் அன்று நிரம்பி வழிந்தது. அது வாங்கிக்கொண்டது போகத்தான் சந்தைக்குள் முழங்கால் அளவு. அதையும் நிரவிவிட்டால் அந்த எழுபது எண்பது லட்சம் லீற்றரும் எங்கே போகும் என்று தீர்மானத்துக்குக் கை உயர்த்தியபோது உங்களில் யாராவது கேட்டீர்களா? நீங்கள் கட்டப்போகும் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்துக்குத்தான் போகும்.

வாய்க்கால் கட்டி அனுப்பிவிடுவோம் என்பது உங்கள் பதில். அதற்குத்தான் ஆரம்பத்தில் படத்தை விரித்தேன். கொழும்பில் வேலை செய்த ஒரு முறையை வரைபடத்தோடு அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்கிறார்கள். களனி ஆறு பெருகினால் கடலுக்கு வழிவிடுவது அங்கே உயிரைக் காக்கும் காரியம். இங்கே அடியும் பக்கமும் சீமெந்து பூசிய வாய்க்கால் வழியாகச் சந்தையிலிருந்து கடல்நீரேரிக்கு நேரே தண்ணீரை விட்டால், அந்தத் தண்ணீர் போகும் வழியில் ஒரு சொட்டுக்கூட மண்ணில் இறங்காது. கார்த்திகையில் வெள்ளத்தைத் தள்ளிவிட்டோம் என்று சந்தோஷப்படுவோம். ஆனியில் அதே தண்ணீரைப் பவுசரில் தேடுவோம். இன்னொன்று: புயல் நாளில் கடல்நீரேரியும் உயர்ந்து நிற்கும். வாயில் கதவு இல்லாத நேர் வாய்க்கால் அன்று வெளியே கொண்டுபோகாது, உள்ளே கொண்டுவரும். உவர்நீர் சந்தைச் சந்தி வரை வர நீங்களே பாதை போட்டுக் கொடுக்கிறீர்கள்.

இந்த உவரைத் தடுக்க நம் மூத்தவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள்! தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டினார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று ஐம்பதுகளிலேயே திட்டம் வரைந்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற அந்தக் கனவு இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கேட்டோம். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே போதாது என்றார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் கடலிலிருந்து உப்பைப் பிரித்துத் தண்ணீர் எடுப்பதற்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு காசு! வானத்திலிருந்து உப்பில்லாமல் இறங்கிய தண்ணீரைச் சீமெந்து வாய்க்காலில் கடலுக்கு அனுப்பி உப்பாக்கிவிட்டு, பிறகு பெருஞ்செலவில் அந்த உப்பை எடுப்பதுதான் நம் நீர்க் கொள்கையா?

2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் சரிவு, இங்கே தட்டை; ஆபத்தின் வடிவம் வேறு. தண்ணீரின் வழியை மறித்து வீடும் வீதியும் கட்டினால் என்ன ஆகும் என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

நுளம்பு, குப்பை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டை, ரயர், தண்ணீர்த் தொட்டி, கூரைப் பீலி போன்ற இடங்களில். மீன் உள்ள குளத்தை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. குப்பையைக் கொட்டுவது யார்? சந்தைக் கழிவை அள்ளுவது சபையின் பொறுப்பு. அள்ளாமல் விட்டுவிட்டு, குப்பைக் குளம் ஆகிவிட்டது, இனி மூடுவோம் என்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

சரி, வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. சந்தை நாளில் வீதியின் இரண்டு பக்கமும் ஓட்டோவும் லான்ட் மாஸ்டரும் நிற்க, நோயாளர் காவு வண்டி நுழைய முடியாமல் நிற்பதை நானும் காண்கிறேன். வியாபாரிகள் என் எதிரிகள் இல்லை, அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்த் தோட்டக்காரர். சந்தைக்கு மேற்கே சபைக்குச் சொந்தமான பழைய களஞ்சிய வளவு கூரையில்லாமல் பற்றை மண்டிக் கிடக்கிறது. அதைத் துப்புரவாக்கிக் கல் பரவினால் தரிப்பிடத்துக்குக் காணும். கடைத்தொகுதிக்கு வேறு காணி தேட வேண்டியிருக்கும், உண்மைதான். குளம் மட்டுமே விலையில்லாத காணி என்பதால் அதில் கை வைப்பது சுலபமாக இருக்கலாம். சட்டத்தில் அது சுலபமாக இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் தீர்மானத்துக்கு முன் கமநல சேவை நிலையத்தின் கருத்தைக் கேட்டீர்களா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தை எங்களுக்குக் காட்டுங்கள்.

2025 மே மாதத் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தபோது உங்களில் பலர் எங்கள் கிணற்றடியில் நின்றுதான் கதைத்தீர்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். அந்தக் கிணற்றுக்காகவும் அதைப் போன்ற மற்றக் கிணறுகளுக்காகவும் இவற்றைக் கேட்கிறேன்.

முதலில், குளத்தை நிரவும் தீர்மானத்தை அடுத்த அமர்விலேயே மீளப் பெறுங்கள். அதுவரை ஒரு டிப்பர்கூட அங்கே வரக்கூடாது என்று எழுத்தில் கட்டளையிடுங்கள். இதுவரை கொட்டிய கல்லையும் கிரவலையும் புரட்டாதி முடிய முன் அள்ளிக் குளக்கட்டை முன்பிருந்தபடி சீராக்குங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஜே.சி.பி. குளத்துக்குள் இறங்க முடியாது.

சீமெந்து வாய்க்கால் திட்டத்தை நிறுத்தி, வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். சந்தைத் தண்ணீர் முதலில் குளத்துக்கு வரட்டும். வருவதற்கு முன் கழிவும் மண்ணும் படியச் சிறு தொட்டி கட்டுங்கள். குளம் நிறைந்தால், மிஞ்சும் நீர் வழிய அமைக்கும் வான் வழியாகப் பழைய வெள்ளவாய்க்காலைப் பிடித்து அடுத்த குளத்துக்குப் போகட்டும். கடைசியில் மிஞ்சுவது மட்டும் கடல்நீரேரிக்கு, அதுவும் உவர் திரும்பி வராதபடி கதவு போட்ட மதகு வழியாக. வாய்க்காலின் அடியில் சீமெந்து பூச வேண்டாம்.

குளத்தைத் தூர்வாருங்கள். ஆவணியில், தண்ணீர் வற்றியிருக்கும்போது. படிந்த வண்டலை மட்டும் எடுங்கள். ஆழமாக்குகிறோம் என்று கல்லை உடைத்துக்கொண்டு கீழே போக வேண்டாம். வீதிக் கழிவு நேரே நிலத்தடி நீருக்குள் இறங்கக் குழி வெட்டியது போலாகிவிடும். எடுக்கும் வண்டல் தோட்டக்காரருக்கு, அதைப் பகிர்ந்து கொடுக்க நாங்களே பெயர்ப் பட்டியல் தயாரித்துத் தருகிறோம்.

சபை எல்லைக்குள் இருக்கும் குளம், கேணி, வெள்ளவாய்க்கால் எல்லாவற்றையும் நில அளவைத் திணைக்களத்தைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நாட்டி, பட்டியலைச் சபை அலுவலகத்திலும் ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். நிரவப்பட்டவற்றையும் அதில் குறியுங்கள். சின்னக்குளமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இனிமேல் மதிலுக்கும் வீட்டுக்கும் அனுமதி கொடுக்கும்போது, வெள்ளம் போகும் பக்கத்தில் மதிலடியில் துவாரம் விடாத வரைபடத்தை ஏற்காதீர்கள். கூரைத் தண்ணீர் வீதிக்கு வராமல் வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்க உறிஞ்சுகுழி வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். குழி மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதைப் பரிசோதகரைக் கேட்டு எழுதுங்கள். வாய்க்காலின் மேல் போட்ட கொங்கிறீற் படலைகளை எடுக்கச் சொல்லி, செல்வாக்குப் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே நாளில் அறிவித்தல் அனுப்புங்கள்.

மாரி முடிந்ததும் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை, ஒவ்வொரு வட்டாரத்திலும் சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து பகிரங்கமாக வெளியிட ஏற்பாடு செய்யுங்கள். பல்கலைக்கழகத்திலும் நீர்வழங்கல் சபையிலும் அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கிணற்றையும் அக்கா வீட்டுக் கிணற்றையும் அதில் சேருங்கள், நான் எழுதியது சரியா என்பது எண்களில் தெரிந்துவிடும்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அடுத்த அமர்வைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டு, இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று உறுப்பினர்களின் பெயரோடு கூட்டக் குறிப்பில் பதியுங்கள். அன்று இலங்கைப் படத்தையும் இந்தக் கணக்குகளையும் கொண்டு நான் சபைக்கு வருவேன். பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்